தராசுச் சேர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் மோட்டார் பகுதியில் தொழில் படித்தவர்களிடம் போதனாசிரியர் சேரின் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள். ‘தராசு’ என்றால் உடனே விளங்கிவிடும். அவருக்கு முன்னால் யாரும் அந்தப் பட்டத்தைச் சொன்னதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. ரீச்சருக்கும் தெரியும். சேரின் மனைவியை நாங்கள் எல்லோரும் ரீச்சர் என்றுதான் சொல்வோம், கணிதம் படிப்பித்தவர். உண்மையில் தராசு அவருடையது. சந்தைக்குக் கொண்டுபோகிற, கொளுக்கி வைத்த பத்துக் கிலோ வில்தராசு. ஒருநாள் சேர் அதைக் குசினிக் கதவிலிருந்து கழற்றிக்கொண்டு வேர்க்சொப்புக்கு வந்தார். ஓய்வுபெறும்வரை அது திரும்பிப் போகவில்லை.

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை இறுக்கத்தான் அது தேவைப்பட்டது. இறுக்கும் வலுவைக் காட்டும் ரோர்க் ஸ்பனர் இருந்தது ஒன்றுதான், அதன் முள்ளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிது எடுக்க வழி இல்லாத காலம். பழைய மொறிஸ் மைனர் ஓவர்ஹெட் வால்வு எஞ்சினின் ஹெட்டில் ஒன்பது நட். ஒவ்வொன்றையும் 40 இறாத்தல்-அடி வலுவில் இறுக்க வேண்டும். கைக்கணக்கில் இறுக்கினால் ஒன்று 30இல் நிற்கும், இன்னொன்று 55க்குப் போய்விடும். குறைந்த இடத்தால் ஹெட்டுக்குக் கீழே வைக்கும் கஸ்கெற் ஊதும். கூடிய இடத்தில் ஸ்ரட் நீளும், அல்லது ஹெட் வளையும். சேர் இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை ஸ்பனரில் மாட்டினார். நட்டின் நடுவிலிருந்து சரியாக 24 அங்குலத்தில் அரத்தால் ஒரு வெட்டு. அந்த வெட்டில் தராசின் கொளுக்கி. இரண்டடியில் 20 இறாத்தல் இழுத்தால் 40 இறாத்தல்-அடி. 20 இறாத்தல் என்பது ஒன்பது கிலோவும் கொஞ்சமும். மூன்று சுற்றாக இறுக்கச் சொல்வார்: முதற்சுற்றில் தராசு மூன்றரைக் கிலோ காட்ட வேண்டும், இரண்டாவதில் ஏழு, கடைசியில் ஒன்பது. நடு நட்டில் தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி, வெளிப்பக்கம் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் ஹெட்டின் நடு மேலே எழும்பி நின்றுவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது படியாது.

தராசைக் குழாய்க்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் எல்லோரும் பிழைவிடுவார்கள். சரித்து இழுத்தால் தராசு ஒன்பது காட்டும். நட்டுக்கு ஏழுதான் போய்ச் சேரும். சேர் மூலைமட்டத்தைக் கொண்டுவந்து குழாய்க்கும் தராசுக்கும் இடையில் வைத்துக் காட்டுவார். இந்த ஒரு வேலையில் நெம்புகோல், கோணம், அலகு மாற்றம் மூன்றும் வந்துவிடும். அதை அவர் ஒருபோதும் பாடமாகச் சொன்னதில்லை. கரும்பலகைக்கு முன்னால் அவர் சுமாரான ஆசிரியர் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. சோக்கைக் கையில் எடுத்தால் குரல் இறங்கிவிடும், கடைசி வாங்கு நித்திரை கொள்ளும். கையில் ஒரு உதிரிப்பாகம் வந்தால்தான் அந்த மனுசன் முழு ஆளாவார்.

அறுபதுகளில் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் சேர்ந்து, வெரகெர வேர்க்சொப்பில் லேலண்ட் டீசல் எஞ்சின்களில் கை பழகியவர். 1958இல் அரசு பஸ் கொம்பனிகளை எல்லாம் எடுத்துச் சபையாக்கிய பிறகு, நாடு முழுக்க ஓடிய பஸ்களின் எஞ்சின்கள் திருத்த வேலைக்கு அங்கேதான் வந்து குவிந்தன. ஒரே மாதிரி எஞ்சினை நூறு தடவை கழற்றினால்தான் எது வழமை, எது பழுது என்று கண்ணுக்குத் தெரியும் என்பார். சிங்களத்தில் தொழில் பேசப் பழகியதும் அங்கேதான். நட்டுப் போல்ற்றைத் தட்டி எண்ணும்போது கடைசிவரை சிங்களத்தில்தான் எண்ணினார்; இது ரீச்சர் சொன்னது. பிறகு யாழ்ப்பாணம் வந்து போதனாசிரியராகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை ஒரே வேர்க்சொப்பில் ஒரே மேசைக்குப் பின்னால் இருந்தார்.

அவர் படிப்பித்ததில் முதலாவது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. பழுதான எஞ்சின் வந்தால் ஸ்பனர் எடுக்க விடமாட்டார். "முதல் கேள், பிறகு பார், பிறகு மண. கடைசியாத் தொடு." கொப்பியில் மூன்று கோடு கீறி, கேட்டது, பார்த்தது, மணந்தது என்று எழுதிய பிறகுதான் கருவிப்பெட்டி திறக்கும். கொண்டுவந்தவரிடம் என்ன கேட்பது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. "என்ன பிழை?" என்று கேட்கக் கூடாது, அவர் தன் முடிவைச் சொல்லிவிடுவார், அது நம் மூளையில் ஒட்டிவிடும். "கடைசியா எப்ப நல்லா ஓடினது? அதுக்குப் பிறகு ஆர் என்ன செய்தவை?" என்றுதான் கேட்க வேண்டும். பாதிப் பழுதுகள் இரண்டாம் கேள்வியிலேயே வெளியே வரும். நேற்றுத்தான் ஒருவர் பிளக் வயர்களைக் கழற்றித் துடைத்து, ஒன்று-மூன்று-நான்கு-இரண்டு என்ற ஒழுங்கு தெரியாமல் மாற்றிப் போட்டிருப்பார்.

ஸ்ராட் வராத பெற்றோல் எஞ்சினுக்கு அவர் வைத்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் பொறி. பிளக்கைக் கழற்றி, வயரோடு ஹெட்டின் மேல் படுக்கவைத்து எஞ்சினைச் சுற்று. நீலமாய்த் தடித்து, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு பாய்ந்தால் சரி. மஞ்சளாய் மெலிந்து வந்தால் பொறியைப் பிறப்பிக்கும் பொயின்ற், கொண்டென்சர், கொயில் என்று பின்னோக்கிப் போ. பொறி சரியென்றால் எரிபொருள்: அதைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் வாயில் குழாயைக் கழற்றி, பம் அடித்து, போத்தலுக்குள் விழுகிறதா பார். அதுவும் சரியென்றால் அமுக்கம்: பிளக் துளையில் பெருவிரலை அழுத்து, விரலைத் தூக்கி எறிந்தால் போதும். மூன்றும் இருந்து ஸ்ராட் வராவிட்டால் பொறி நேரம் தவறி வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்துகிறவனைத்தான் அவருக்குப் பிடிக்காது. பிளக்கும் மாற்றிக் காபரேற்றரும் கழுவிய பிறகு எஞ்சின் ஓடினால், எதனால் ஓடியது என்று கேட்பார். பதில் இருக்காது. பழைய பிளக்கைத் திரும்பப் போடச் சொல்வார்.

பொயின்ற் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருக்கும்வரை அதுதான். பிளக் இடைவெளிக்கு வாள் பிளேட்: இரும்பறுக்கும் ஹக்சோ பிளேட்டின் முதுகு ஆயிரத்தில் இருபத்தைந்து தடிப்பு, பிளக்குக்கு அளவெடுத்தது போல. பொயின்ற் முகத்தைத் தேய்க்க எமரித்தாள் எடுத்தால் கையிலேயே அடி விழும். எமரியின் மணல் உலோகத்தில் புதைந்து, மின்சாரம் பாயாமல் தடுத்து, அந்த இடம் இன்னும் கூட எரியும். மெல்லிய அரம், பிறகு பெற்றோலில் நனைத்த துணி. பொயின்ற்றைத் திறந்து மூடும் கமில் ஊசிமுனையளவு கிறீஸ் வைக்க மறந்தால் பொயின்ற்றின் குதி தேயும். குதி தேய இடைவெளி குறையும், பொறியும் பிந்தும். கார் மெல்ல மெல்ல இழுவை குறைந்துபோகும், ஓட்டுகிறவருக்கு என்றைக்குத் தொடங்கியது என்றே தெரியாது.

1990 ஆனியில் போர் திரும்பத் தொடங்கி, மின்சாரமும் நின்று, பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடைப்பட்ட பிறகுதான் சேரை ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டலாம் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. பழைய பெர்குசன் உழவு இயந்திரங்களில் அதற்கென்றே செய்த வகை இருந்தது: ஸ்ராட்டுக்குப் பெற்றோல், சூடான பிறகு வேறு எண்ணெய். ஊரில் கை வைத்தவர்களும் பலர். சேர் செய்தது, ஏன் ஓடுகிறது, எங்கே கெடுகிறது என்று பிரித்துச் சொன்னதுதான்.

பெற்றோல் 40 பாகையை நெருங்கும்போதே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையளவு வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாக வராது, துளியாகத்தான் வரும், துளி எரியாது. இரண்டாவது, மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் தாங்காது. பிளக் மூட்டிய தீ போய்ச் சேருமுன்னரே மிச்சக் கலவை தானாக வெடித்துப் பிஸ்ரனைத் தட்டும். இதனால்தான் பழைய கார்கள் பிழைத்தன. 803 சிசி மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றுக்கும் அமுக்க விகிதம் ஏழே கால் அளவு. பின்னால் வந்த 948 சிசி மைனரில் அது எட்டுக்கு மேல். அதைக் கொண்டுவந்தால் சேர் முகத்தைச் சுளிப்பார். அமுக்கத்தைக் குறைக்க இரண்டு கஸ்கெற் அடுக்கிப் போடுவார்கள். ஒரு மாதம் ஓடும், பிறகு இரண்டுக்கும் இடையால் தண்ணீர் கசியும் என்பார். அவர் செய்தது, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூற்றரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பொறியைப் பிந்தவைப்பது. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தும்போது ‘கிணுகிணு’ என்று தட்டும் சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே? பின் சீற்றில் நான்கு பேரையும் ஒரு நெல்மூட்டையையும் ஏற்றித்தான் பரீட்சை நடந்தது.

ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் குழாய்க்கு அந்த நாட்களில் இருந்த மதிப்பை இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். சிறு போத்தலில் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய், குழாயில் அதே உருளைத் திருகி. காபரேற்றருக்குள் போகும் வழியில் ஒரு ‘ரி’ பொருத்து. ஒரு பக்கம் பெற்றோல், மற்றப் பக்கம் மண்ணெண்ணெய். ஒரு ஸ்ராட்டுக்கு 50 மில்லிலீற்றர் என்று சேர் கணக்கு வைத்தார். மூன்று நிமிடம் ஓட அது காணும். றேடியேற்றருக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு சாக்கு, எஞ்சின் சூடாகவே இருக்கட்டும் என்று. மைனரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பது பெரிய உதவி. புகையின் சூடு கலவைக்கு ஏறும். அந்த இடத்தைத் தண்ணீர்த் துளியால் தொட்டுப் பார்த்து, ‘சுர்’ என்று பறந்தால் மண்ணெண்ணெயைத் திறக்கலாம்.

நிற்பாட்டுவதில்தான் எல்லோரும் கோட்டைவிட்டார்கள். வீட்டுக்கு அரைக் கட்டை இருக்கும்போதே மண்ணெண்ணெயைப் பூட்டி, காபரேற்றர்க் கிண்ணம் வற்ற, கடைசி அரை நிமிடம் பெற்றோலில் ஓடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய். விடியக் காலையில் எத்தனை ஹான்டில் அடித்தாலும் வராது. பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்தக் கடைசி மிடறைக் கொடுக்காமல் விட்டவர்கள், காலையில் இரண்டு மடங்கு செலவழித்தார்கள்.

காபரேற்றரில் கலவை பார்ப்பதற்கு எஸ்.யூ. வகைக்கு ஒரு வழி. உள்ளே இருக்கும் பிஸ்ரனை ஒரு சிறு ஊசியால் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு தூக்கு. எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே இருந்தால் எண்ணெய் அதிகம். உடனே அணைந்தால் குறைவு. சற்றே கூடிப் பிறகு பழைய நிலைக்கு வந்தால் சரி. கீழே உள்ள ஆறுமுக நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்ப வேண்டும். பிளக்கின் நிறம் பிஸ்கற் நிறமாக இருக்க வேண்டும் என்பது பெற்றோல் காலத்துச் சட்டம். மண்ணெண்ணெயில் அது எப்போதும் கறுத்தே வரும். காய்ந்த கரியா, ஈரமான கரியா என்று பார்த்தால் போதும் என்று சட்டத்தை அவரே தளர்த்தினார்.

எண்ணெய்ச் சங்கதி ஒன்றை எழுதாமல் விட முடியாது. அந்த நாட்களில் கார்க்காரர்கள் பலர் சந்தோசமாக வந்து சொல்வார்கள்: "சேர், எஞ்சின் ஒயில் குறையவே இல்லை, கொஞ்சம் கூடிக்கூட இருக்குது!" சேர் தலையில் கை வைப்பார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வடிந்து, றிங்குகளைத் தாண்டி, கீழே ஒயிலோடு கலக்கிறது. ஒயில் கூடவில்லை, தண்ணியாகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் பெயரிங் தட்டத் தொடங்கும். பழைய பத்திரிகைத்தாளில் ஒரு துளி விட்டுக் காயவிடுவார். நல்ல ஒயில் ஒரே கறுப்பு வட்டமாக நிற்கும். மண்ணெண்ணெய் கலந்தது நடுவில் கறுத்து, சுற்றிவர வெளிறிய வளையமாகப் படரும். வளையத்தின் அகலத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம் என்று சொல்வார். வடித்த ஒயிலை எறிய விடுவதில்லை. உயரமான போத்தலில் மூன்று கிழமை அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, கதவு விறாந்தைப் பிணைச்சல்களுக்கும் சைக்கிள் செயினுக்கும் கொடுப்பார். எஞ்சினுக்குத் திரும்ப ஊற்றுகிறவர்களோடு சண்டை பிடிப்பார்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கரி சுரண்டும் வேலை அடிக்கடி வரும். இரும்புச் சுரண்டியால் அலுமினியப் பிஸ்ரனைத் தொடக் கூடாது. கீறல் விழும், கீறலில் கரி இன்னும் பலமாய்ப் பிடிக்கும். சேர் வைரமேறிய பனஞ்சிலாகையை உளி போலச் சீவித் தருவார். பித்தளையைவிட அது நல்லது, ஊரில் தட்டுப்பாடும் இல்லை. பிஸ்ரன் தலை முழுவதையும் பளபளப்பாக்குகிறவன் தோற்றான். ஓரத்தில் நூலளவு கரி வளையம் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் ஒயில் மேலே ஏறாமல் தடுக்கும். பழைய றிங் ஒன்றைப் பிஸ்ரன் மேல் வைத்து, அதற்கு உட்பக்கம் மட்டும் சுரண்டச் சொல்வார். வால்வு அரைத்து முடித்த பிறகு இருக்கையில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, வால்வை வைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் எல்லாக் கோடும் அழிந்திருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் அங்கே காற்றுப் போகும்.

கார்களைவிட அவர் அதிகம் திருத்தியது தோட்டக்காரர்களின் தண்ணீர் இறைக்கும் மிசின்களை. வெங்காயமும் புகையிலையும் கருகாமல் நின்றதற்கு அவற்றுக்கும் பங்கு உண்டு. மிசின் ஓடும், தண்ணீர் வராது என்று வந்தால் எஞ்சினைத் தொடவே மாட்டார். கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கும் புட்வால்வில் மணலோ நத்தையோ சிக்கித் தோல் மூடாமல் நிற்கும். ஊற்றிய முதல் தண்ணீர் எல்லாம் கீழே போய்விடும். அது சரியென்றால் உறிஞ்சு குழாயின் பொருத்து. அந்தப் பொருத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். ஆகவே ஈரம் தேடிப் பயனில்லை. மிசின் ஓடும்போது பொருத்தின் மேல் சவர்க்காரத் தண்ணீரை ஊற்று. நுரை உள்ளே இழுபட்டால் இடம் அகப்பட்டது. சாஃப்ற் பக்கத்து நார் அடைப்பை முழுதாக இறுக்குவதும் பிழை. செக்கனுக்கு ஒரு துளி சொட்ட வேண்டும். அந்தத் துளிதான் சாஃப்ற்றைக் குளிரவைக்கிறது.

எவ்வளவு நல்ல மிசினும் 34 அடிக்கு மேல் உறிஞ்சாது. நடைமுறையில் 20, 22 அடிதான். ஆவணி, புரட்டாசியில் நீர் இறங்கும்போது மிசினைக் கிணற்றுக்குள்ளே பலகை கட்டி இறக்குவார்கள். இந்தப் பேச்சு வந்தால் சேரின் குரல் மாறும். எஞ்சின் புகையின் காபன் மொனொக்சைட்டுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். மிசின் நின்றுவிட்டதே என்று பார்க்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. விளக்கை இறக்கிப் பார்த்து, எரிகிறது, பயமில்லை என்று இறங்குவது பழைய வழக்கம். விளக்குச் சொல்வது ஒட்சிசன் இருக்கிறதா என்பதை மட்டும். ஆளைக் கொல்லும் அளவு மொனொக்சைட்டிலும் விளக்கு நன்றாகவே எரியும். இதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. புகைக்குழாயைக் கிணற்றுக் கட்டுக்கு மேலே கொண்டுவா. மிசின் நின்ற பிறகு வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கு, பிறகும் பொறுத்திரு. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். தலை சுற்றினால் கேள்வி கேட்காமல் இழு. தோட்டக்காரரிடம் திருத்துகூலி வாங்காத நாட்களிலும் இந்த நான்கையும் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் மிசினைக் கொடுப்பார்.

வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். சைக்கிள் வேண்டும் என்றால் முதலில் ஒட்டுப் போடப் பழக வேண்டும் என்பது அங்கே சட்டம். ரியூப்பைத் தாளால் தேய்த்து, சொலூஷன் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் ஒட்டைப் போட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஆவி உள்ளே சிறைப்பட்டு, அடுத்த வெயிலில் கொப்புளமாய்க் கழன்றுவிடும். மூத்தவர் பத்து வயதில் தேறினாராம், இளையவர் எட்டில். இளையவர் பிறகு எங்கள் வேர்க்சொப்புக்கும் வந்து போவார். காபரேற்றரைக் கழற்றி மேசையில் பழைய பத்திரிகை மேல் கழற்றிய ஒழுங்கிலேயே பரப்பிவைக்கும் பழக்கம் எங்களைவிட அவருக்கு நன்றாகப் படிந்திருந்தது.

பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது சேர் செய்த ஜாம் போத்தல் விளக்கில். ஊரெல்லாம் அந்த விளக்குத்தான், ஆனால் அவருடையதில் புகை குறைவு. போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் இரண்டு மூன்று தேக்கரண்டி மண்ணெண்ணெய். தட்டுப்பட்டுச் சரிந்தாலும் கொட்டாது, தீப்பிடிக்காது. திரிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டை, அதற்குள் நூல். துளை ஒடுக்கமாதலால் எண்ணெய் மெல்லத்தான் ஏறும். சுடர் நெல்லளவுக்கு மேல் வளராது, வளர்ந்தால்தானே புகை. கட்டையைக் கம்பியால் போத்தலின் நடு உயரத்தில் நிறுத்துவார். இன்னும் கீழே போனால் காற்றுப் போதாமல் கரிபிடிக்கும், மேலே வந்தால் காற்றில் அணையும், பக்கத்தில் சரிந்தால் கண்ணாடி வெடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை போத்தலைச் சாம்பலால் துடைப்பது ரீச்சரின் பங்கு.

இரவு ஒன்பதே காலுக்குச் சேர் சைக்கிளில் ஏறுவார். எங்கும் போவதற்கல்ல. ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிள், பின்சில்லில் டைனமோ, அதிலிருந்து றேடியோவுக்கு வயர். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை அரை மணித்தியாலம் மிதிப்பார். ரீச்சர் றேடியோவைக் காதோடு வைத்துக் கேட்பார். டைனமோ ஆறு வோல்ட், மூன்று வாட். அது தருவது மாறுதிசை மின்சாரம், நேரே கொடுத்தால் றேடியோ உறுமும். நான்கு டயோட்டும் 1000 மைக்ரோஃபரட் கொண்டென்சர் ஒன்றும் வேண்டும். இவ்வளவும் பலரும் செய்தார்கள், பலருடைய றேடியோவும் எரிந்தது. றேடியோ இழுக்கும் மின்சாரம் கொஞ்சம். சுமை குறைந்தால் டைனமோவின் வோல்ட் பத்தைத் தாண்டிப் போகும். சேர் முன்விளக்குக் குமிழையும் சேர்த்தே இணைத்து வைத்தார். மிச்சத்தைக் குமிழ் தின்றுவிடும். குமிழின் வெளிச்சம் கூடினால் "மெல்ல" என்று ரீச்சர் கையைக் காட்டுவார். செய்தி முடிந்த பிறகு ரீச்சர் சொல்லத்தான் அவருக்கு விபரம் தெரியும். சில்லின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை.

1995 ஐப்பசியில் போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது கருவிப்பெட்டி முழுவதையும் கொண்டுபோக முடியவில்லை. ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பனர், பொயின்ற் அரம், வால்வு அரைக்கும் மாவில் பாதி ரின், தராசு. இவ்வளவும் சைக்கிள் கரியரில். வாங்க முடியாததை மட்டும் எடுத்தேன் என்றாராம். சுத்தியலும் சாவியும் எங்கேயும் கிடைக்கும். திரும்பி வந்தபோது மற்றவை இல்லை, இவ்வளவும் இருந்தது.

பிந்திய காலத்தில் கணினி வைத்த கார்கள் வந்தன. சேருக்கு அவற்றின் மேல் கோபம் எதுவும் இல்லை. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் கராச் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் காரின் கணினி காட்டும் பிழைக் கோட் இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்லிக் கேட்பார்கள். "அந்த நம்பர் என்ன சொல்லுது? எந்தச் சென்சருக்குப் பிழையாத் தெரியுதெண்டு. பிழை எங்கையெண்டு சொல்லேல்லை. வயரைப் பாத்தியே, ஏர்த்தைப் பாத்தியே?" பெரும்பாலும் காரின் உடலோடு சேரும் ஏர்த்து வயர்தான், உப்புப் போடும் குளிர்நாட்டு வீதிகளில் அது துருப்பிடித்துப் போயிருக்கும்.

ஹான்டில் அடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை தானாக விடுபடும், மணிக்கட்டு தப்பும். ஹான்டிலே இல்லாத காலத்திலும் எங்கள் ஆட்கள் எந்தப் பிடியைப் பிடித்தாலும் பெருவிரல் அப்படித்தான் நிற்கிறது. ஒன்றுகூடல்களில் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதைப் பார்த்தே மோட்டார் பகுதி ஆள் என்று மற்றப் பகுதிக்காரர் பகிடி பண்ணுவார்கள்.

சேர் போன பிறகு ஃபீலர் கேஜும் அரங்களும் இளைய மகளிடம். அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இரண்டடிக் குழாயைக் கேட்டுப் பழைய மாணவர் சங்கத்துக்கு வாங்கியிருக்கிறோம், அரம் போட்ட வெட்டு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தராசையும் கேட்டுப் பார்த்தோம். ரீச்சர் தரவில்லை. அது பழையபடி குசினிக் கதவில் தொங்குகிறது. சுன்னாகச் சந்தையிலிருந்து வரும் மரக்கறிப் பையைக் கொளுக்கியில் மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முள் ஆடி நிற்கும்வரை பார்த்திருக்கிறார்.